லைலாவின் மௌனமும் பழந்திரைப் பாட்டும்

காதலைப் பாட்டால் சொல்லிய பழைய திரைப்படங்கள் நம் இல்லங்களில் இன்றளவும் விரும்பிக் கேட்கப்படுகின்றன. 'பார்க்கப்படுகின்றன' என்பதைக் காட்டிலும் 'கேட்கப்படுகின்றன' என்பதே பொருத்தம். படத்தின் கதையை மறந்தவர் பலர். பாட்டை மறந்தவர் அரியர். இக்கவர்ச்சிக்குக் காரணம் யாது என்று கேட்டால் இரண்டு விடைகளுள் ஒன்றே பெரும்பாலும் கிடைக்கிறது. 'அவை ஆகாதவை, அவற்றைப் பற்றிப் பேசுவானேன்?' என்பது ஒன்று. 'அது பொற்காலம், இனி வருமா?' என்பது மற்றொன்று. முன்னது ஆராயாமல் விலக்குகிறது. பின்னது ஆராயாமல் புகழ்கிறது. இரண்டும் திறனாய்வு ஆகா.

இசை கேட்பது பற்றிய மார்க்கத் தீர்ப்பை வழங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்துறையில் அறிஞரிடையே நெடுங்காலக் கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் செவிமடுத்தலுக்கெனத் தனிப் பகுதியே அமைத்தார். ஸ்பெயின் தேசத்து இப்னு ஹஸ்ம் பாட்டைக் குறித்துத் தனிச் சிறுநூல் எழுதினார். தடுத்தவர்களும் பெரியவர்களே. நாம் கேட்பது வேறு. விலக்கச் சொன்ன வீடுகளிலும் விலகாமல் நின்ற இப்பாட்டுகள், அவ்வீடுகளில் எந்தக் குறையை நிரப்பின? இக்கேள்விக்கு விடை காண, நம் அரபு இலக்கியத்திலிருந்தே தொடங்குவது நலம்.

பாட்டுக்கு வந்த கதை

அபுல் ஃபரஜ் அல்இஸ்ஃபஹானி (மறைவு 967) தொகுத்த 'கிதாபுல் அகானி' பெயருக்கேற்பப் பாட்டுகளின் நூல். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாட்டுகளை அடியாகக் கொண்டு அது தொடங்குகிறது. ஒரு பாட்டை எடுத்து, இயற்றிய கவிஞர் யார், இசையமைத்தவர் யார், எந்நிலையில் அது பிறந்தது என்று சொல்லிச் செல்லுகையில் கதை விரிகிறது. ஜமீல் – புதைனா, குதையிர் – அஸ்ஸா, மஜ்னூன் – லைலா ஆகியோரின் வரலாறுகளுக்கு அந்நூலே பெருங்கருவூலம். அங்கே கதைக்காகப் பாட்டு இயற்றப்படவில்லை. பாட்டைச் சுற்றிக் கதை வந்து சேர்ந்தது.

நம் நாட்டுப் பேசும்படமும் ஏறத்தாழ இவ்வாறே வளர்ந்தது. 1932இல் வெளிவந்த 'இந்திரசபா'வில் 70க்கும் மேற்பட்ட பாட்டுகள் இருந்தன. தமிழ்ப் படங்களிலும் தொடக்கக் காலத்தில் பாட்டுகளின் எண்ணிக்கை மிகுதி. 1950களில் அது பத்தளவில் வந்து நின்றது. அக்காலத்துக் கொட்டகைகளில் விற்ற பாட்டுப் புத்தகத்தை நினைவுகூர்வோர் நம்மிடையே உண்டு. அதில் கதைச் சுருக்கம் பாதியில் நிற்கும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடியும். பாட்டுகள் மட்டும் முழுமையாக அச்சாகியிருக்கும். 'அகானி'யின் முறையை அறிந்தவர்க்கு இச்சிறு புத்தகம் வியப்பளிக்காது. கதை பாட்டின் உறை. உறைக்குள் இருக்கும் பொருளையே மக்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

தமிழ் முஸ்லிம்களுக்கு இது புதிய பழக்கமுமன்று. கிஸ்ஸா, நாமா, மசலா, முனாஜாத்து எனப் பல வகை இலக்கியங்களை ஓசையோடு ஓதிக் கேட்டு வளர்ந்த சமுதாயம் இது. கதையைப் பாட்டாகக் கேட்கும் செவி, திரைப்படம் வருமுன்னரே நம்மிடம் பழகியிருந்தது.

திரைக்கு வந்த லைலா

கைஸ் இப்னுல் முலவ்வஹ் என்னும் பனூ ஆமிர் குலத்து இளைஞன் லைலாவைக் காதலித்தான். அவள் பெயரைச் சொல்லிக் கவி பாடினான். பெயர் வெளிப்பட்டமையால் குலத்துக்கு இழுக்கென்று கருதி அவள் தந்தை மறுத்தார். லைலா வேறொருவனுக்கு மணமுடிக்கப்பட்டாள். கைஸ் பாலையில் அலைந்து 'மஜ்னூன்' எனப் பெயர் பெற்றான். கஅபாவுக்கு அழைத்துச் சென்று, இத்துயர் நீங்க வேண்டும்படி தந்தை சொன்னபோது, அக்காதல் மேலும் பெருகவே அவன் வேண்டினான் என்பர். இப்படியொருவன் வாழ்ந்ததே இல்லை என்று மறுத்தோரின் கூற்றுகளையும் 'அகானி' பதிந்திருக்கிறது. வரலாறு ஐயத்துக்குரியதாயினும் கதை நின்றது. நிஜாமி 1188இல் பாரசீகத்தில் அதைக் காவியமாக்கினார். டில்லியில் அமீர் குஸ்ரு தம் வழியில் பாடினார். பின்னர் நாடக மேடை வழியாக அது திரைக்கு வந்தது.

தமிழ் மக்கள் அதை ஓராண்டு இடைவெளிக்குள் இரு வடிவங்களில் கண்டனர். 1949இல் பரணி பிக்சர்ஸ் தெலுங்கில் எடுத்து, தமிழிலும் மொழிமாற்றி வெளியிட்ட 'லைலா மஜ்னு' ஒன்று. பி. எஸ். ராமகிருஷ்ணா ராவ் இயக்கினார், சி. ஆர். சுப்பராமன் இசையமைத்தார், பானுமதியும் நாகேஸ்வர ராவும் நடித்தனர். மற்றொன்று 1950இல் எஃப். நாகூர் இயக்க, டி. ஆர். மகாலிங்கமும் எம். வி. ராஜம்மாவும் நடித்த நேரடித் தமிழ்ப் படம்.

இவ்வகைப் படங்களின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அவை காட்டிய அரபகம் ஸ்டூடியோவுக்குள் கட்டிய அரபகம். உடை ஒரு நாட்டுடையது. மாளிகை மற்றொரு நாட்டுடையது. பேச்சோ நம் நாடக மேடையின் பேச்சு. முஸ்லிம் வாழ்வு என்றால் வளைந்த வாளும் மெல்லிய முகத்திரையுமே என்ற எண்ணத்தை 'குலேபகாவலி' (1955), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) முதலிய கேளிக்கைப் படங்களும் சேர்ந்து வளர்த்தன. ஊடே நுழைக்கப்பட்ட நகைச்சுவைப் பகுதிகள் கதையின் ஓட்டத்தைப் பலவிடங்களில் அறுத்தன. பழையது என்பதற்காக இவற்றை ஏற்க வேண்டுமென்பது இல்லை.

ஆயினும் பானுமதி தம் குரலிலேயே பாடத் தொடங்கும்போது இக்குறைகள் பின்னே போகின்றன. காரணம் குரலின் இனிமை மட்டுமன்று. கதையில் லைலாவிடம் எவரும் எதையும் கேட்பதில்லை. தந்தை முடிவு செய்கிறார். குலம் முடிவு செய்கிறது. கைஸ் கூட அவளிடம் கேளாமலே அவள் பெயரை ஊரறியச் செய்கிறான். அவள் வாய் திறக்க இடம் கிடைப்பது பாட்டில்தான். லைலாவின் பெயரில் வழங்கும் சில அரபு அடிகள் உண்டு. மஜ்னூனின் துயரம் வெளிப்பட்டதால் உலகறிந்தது, தன் துயரமோ உள்ளேயே நின்று தன்னை அழித்தது என்னும் கருத்துடையவை அவை. பழந்திரைக் காதற்பாட்டு முழுமையையும் விளங்கிக்கொள்ள இக்கருத்தே திறவுகோல்.

மறைத்துச் சொல்லும் முறை

11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்னு ஹஸ்ம் காதலைப் பற்றி எழுதிய 'தவ்குல் ஹமாமா' என்னும் நூலில், இரகசியத்தை மறைத்தல், தூது செல்வோர், காவல் காப்போர், கோள் சொல்வோர் எனத் தனித்தனி இயல்கள் உண்டு. நம் அகப்பொருள் இலக்கணம் கற்றவர்க்கு இப்பட்டியல் அயலானதன்று. தோழி, பாங்கன், இற்செறிப்பு, அலர் தூற்றல் என நாம் வழங்குவனவும் ஏறத்தாழ இவையே. கடல் பல கடந்த இரு மொழிகள், காதலை வெளிப்படையாகச் சொல்ல இயலாத வாழ்க்கையினின்று ஒரே வகை உறுப்பினரைப் படைத்துக்கொண்டன.

ஓரிடத்தில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. அரபுக் கவிஞன் காதலியின் பெயரைச் சொன்னான். அதனாலேயே கேடு விளைந்தது. தமிழ் அகமோ தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சொல்லலாகாது என விதித்தது. நம் திரைப்பாட்டு இவ்விடத்தில் தமிழ் வழியையே பின்பற்றிற்று. நல்ல காதற்பாட்டுகளில் கதைமாந்தரின் பெயர் பெரும்பாலும் வாராது. நிலவு வரும், சோலை வரும், கனவு வரும், 'நீ'யும் 'நானும்' வருவர். அப்பாட்டு படத்தை விட்டு எளிதில் பிரிந்து வந்து, கேட்பவர் எவருக்கும் உரியதாயிற்று. கதையை மறந்தவரும் பாட்டை மறவாமைக்கு இது ஒரு முதன்மைக் காரணம் எனலாம்.

மற்றொரு காரணம், பாட்டு கதைக்குள் செய்த பணி. 1959இல் ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய 'கல்யாணப் பரிசு' இதற்குச் சிறந்த சான்று. ஜெமினி கணேசனும் சரோஜாதேவியும் ஏற்ற மாந்தர் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அதை அறியாத தமக்கையும் அவனையே விரும்புகிறாள். தங்கை தமக்கைக்காக ஒதுங்கிக்கொள்ள, அவன் தமக்கையை மணக்கிறான். ஏ. எம். ராஜா இசையமைக்க, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் பாட்டுகளை எழுதினார். அவற்றுள் ஒரு தீபாவளிப் பாட்டு இருமுறை வருகிறது. முதலில் பி. சுசீலாவின் குரலில் களிப்பாகவும், பின்னர் ஏ. எம். ராஜாவின் குரலில் துயராகவும் ஒலிக்கிறது. இடையில் நேர்ந்தவற்றை வீட்டார் அறியார், அவ்விருவர் அறிவர், நாமும் அறிவோம். வசனத்தால் சொல்லியிருந்தால் இரகசியம் உடைந்திருக்கும். பாட்டு சொல்லவும் செய்கிறது, மறைக்கவும் செய்கிறது.

நம் வெம்பாக்கம், ஆரணிப் பக்கத்து நெசவாளர் மொழியில் இதை விளக்கலாம். பாவு நீளவாட்டில் நிற்பது. ஊடை குறுக்கே ஓடிப் பாவைத் துணியாக்குவது. நல்ல படத்தில் கதை பாவு, பாட்டு ஊடை. ஊடையை உருவிவிட்டால் மிஞ்சுவது துணியன்று, வெறும் இழை. அத்தகைய படங்கள் சிலவே. பாட்டை நெய்யாமல், நெய்து முடித்த துணிமேல் பளபளப்பாக ஒட்டிய படங்கள் அக்காலத்திலும் பல. அவை மறைந்தமைக்காக வருந்த வேண்டியதில்லை.

பின்னணிப் பாட்டு முறையையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நடிப்பவரே பாடினர். 1940களின் பிற்பகுதியிலிருந்து முகம் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்றாயிற்று. பி. லீலா, ஜிக்கி, பி. சுசீலா ஆகியோரின் முகத்தை அறியாமலே பல்லாயிரம் இல்லங்கள் அவர்தம் குரலை அறிந்திருந்தன. உருவம் திரைக்குப் பின்னால் நிற்க, உள்ளம் மட்டும் வெளியே வரும் இம்முறை, திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்கு நெருக்கமாய் அமைந்ததில் வியப்பில்லை.

மறைவைக் களைந்த பாட்டு

அனார்கலியின் கதை இம்முறைக்கு எதிர்நிலை. அக்பரின் ஆட்சிக்கால வரலாற்று நூல்களில் இக்காதல் இல்லை. 1922இல் இம்தியாஸ் அலீ தாஜ் எழுதிய உருது நாடகமே பிற்காலப் படங்களுக்கு வழி வகுத்தது. 1955இல் அஞ்சலி தேவியும் நாகேஸ்வர ராவும் நடித்த 'அனார்கலி', ஆதிநாராயண ராவின் இசையால் தமிழ்நாட்டிலும் பெயர் பெற்றது. 1960இல் கே. ஆசிஃபின் 'முகலே ஆஸம்' வெளிவந்தது. நௌஷாத் இசையமைக்க, ஷகீல் பதாயூனீ பாட்டெழுதினார். பேரரசரின் முன்னிலையில், கண்ணாடி மாளிகையில், அனார்கலி தன் காதலை அறிவிக்கும் பாட்டே அப்படத்தின் உச்சம். அங்கே பாட்டு மறைக்கவில்லை; மறைவைக் களைந்தெறிகிறது. அடுத்த நொடியே சிறைக் கதவு திறக்கிறது. அப்பாட்டு அத்துணை வலிமை பெற்றது எதனால்? அதற்கு முன் அவள் காத்த மௌனத்தால். பேசாமை நீண்டிருந்தாலன்றிப் பேச்சு இடியாய் இறங்காது.

அப்படத்தைத் தமிழில் மொழிமாற்றி 1961இல் 'அக்பர்' என்று வெளியிட்டனர். அது ஓடவில்லை. ஆங்கிலத்திலும் மொழிமாற்றும் எண்ணம் அதனால் கைவிடப்பட்டது. உருது கஸலின் மூச்சுக்கு அளந்து அமைத்த மெட்டில் தமிழ்ச் சொற்களை அடைத்தால், மெட்டும் நிற்காது, சொல்லும் நிற்காது என்பதே நம் கருத்து. தமிழில் கஸலின் உணர்வை வேரூன்றச் செய்யத் தனிக் கவிஞர் வேண்டியிருந்தது. திரைப்பாட்டை விட்டு விலகி நின்ற கவிக்கோ அப்துல் ரகுமான் 'மின்மினிகளால் ஒரு கடிதம்' வழியே அதைச் செய்தார்.

நம்மவர் திரையில் நம்மவராகவே வந்த காதற்கதையைத் தேடினால் 1961இன் 'பாவமன்னிப்பு' நினைவுக்கு வரும். பீம்சிங் இயக்கிய அப்படத்தில் ரஹீமாகச் சிவாஜி கணேசனும் மேரியாகத் தேவிகாவும் நடித்தனர். கண்ணதாசனின் சொல்லும் விஸ்வநாதன் – ராமமூர்த்தியின் இசையும், ஒரு பாட்டில் டி. எம். சௌந்தரராஜனுடன் சேர்ந்தொலிக்கும் நாகூர் ஹனீஃபாவின் குரலும் நம் இல்லங்களை நிறைத்தன. வாளும் முகத்திரையும் இல்லாத, நம் தெருவில் நடக்கும் முஸ்லிமை அப்படம் காட்டிற்று, அது பெரிது. ஆயினும் ரஹீம் வளர்ப்பால் மட்டுமே முஸ்லிம், பிறப்பால் இந்து. நம் வீட்டுப் பெண்ணின் உள்ளத்தைக் கதையின் நடுவே வைக்க அப்படமும் துணியவில்லை.

கேட்ட செவிகள்

படம் பார்க்கச் செல்லாத பெண்களிடம் இப்பாட்டுகள் எவ்வாறு சென்றன? வானொலி வழியே. 1952இல் பி. வி. கேஸ்கர் மத்திய அமைச்சரானபின் அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடம் சுருங்கிற்று. நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினர். 1957இல் விவித் பாரதி தொடங்கிய பின்னரும் இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு தன் பிடியை இழக்கவில்லை. பி. எச். அப்துல் ஹமீதின் தமிழை நம் மூத்தோர் இன்றும் போற்றுவர். தறி ஓடும் வீட்டில் ஆண்கள் நெய்ய, பெண்கள் தார் சுற்ற, தறியோசைக்கு மேலே வானொலி ஒலித்தது நம் வட்டாரத்தில் எவரும் அறிந்த வழக்கம்.

அவ்வாறு கேட்ட பெண்களுள் பலர், யாரை மணக்க விருப்பம் என்று ஒரு நாளும் கேட்கப்படாதவர். பாட்டில் ஒரு பெண் 'நான்' என்று தொடங்கித் தன் உள்ளத்தைச் சொல்லுகையில், தாம் சொல்லாததை அவள் சொல்லக் கேட்டனர். இதுவே இக்கவர்ச்சியின் உள்ளீடு என்பது நம் துணிபு. பேச உரிமையில்லாத இடத்தில் பாட்டு பேச்சாக நின்றது. அதனால்தான் விலக்கச் சொல்லியும் அது விலகவில்லை.

இங்கேதான் நாம் திரைப்படத்தை விட்டு நம்மை ஆராய வேண்டியவராகிறோம். மறைத்தல் கலையில் அழகு. காதலித்து, கற்புக் காத்து, மறைத்து, அதனாலேயே மாய்ந்தவர் ஷஹீத் ஆவார் என்றொரு கூற்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பெயரால் வழங்குகிறது. இப்னுல் கையிம் (ரஹ்) போன்றோர் அது நபிமொழியன்று என மறுத்தனர். மறைத்து மாய்வதை மார்க்கம் ஒரு பெண்ணிடம் கேட்கவில்லை என்பதற்கு உறுதியான ஹதீஸ்களே சான்று.

கன்னிப் பெண்ணிடம் சம்மதம் கேட்க வேண்டும் என நாயகம் (ஸல்) அருளியபோது, அவள் நாணுவாளே என ஆயிஷா (ரலி) வினவ, அவள் மௌனமே சம்மதம் என்றார்கள். இதன் பின்பாதியை மட்டும் நம் ஊர்கள் மனனம் செய்துகொண்டன. மௌனம் என்பது கேட்ட கேள்விக்கு விடை. கேள்வியே கேளாத இடத்தில் மௌனம் எதற்கும் விடையாகாது. தந்தை தம் விருப்பத்துக்கு மாறாக மணமுடித்துவிட்டதாக வந்து முறையிட்ட கன்ஸா பின்த் கிதாம் (ரலி) அவர்களின் நிகாஹை நாயகம் (ஸல்) நீக்கினார்கள். ஹனஃபி மத்ஹபில் பருவமெய்திய பெண்ணை அவள் சம்மதமின்றி மணமுடிக்கத் தந்தைக்கும் உரிமையில்லை. ஷாஃபிஈ சட்டத்தில் தந்தைக்குக் கூடுதல் அதிகாரம் உண்டெனினும் மகளைக் கேட்பதே விரும்பத்தக்கது.

காதலைப் பற்றியே ஒரு ஹதீஸ் புகாரியில் உண்டு. நம் மேடைகளில் அரிதாகவே ஒலிக்கிறது. அடிமைத் தளையினின்று விடுதலை பெற்ற பரீரா (ரலி), தம் கணவர் முகீஸோடு வாழ்வதா பிரிவதா எனத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றுப் பிரிந்தார். முகீஸ் மதீனாவின் தெருக்களில் கண்ணீர் தாடியில் வழிய அவர் பின்னே சென்றார். அது கண்டு இரங்கிய நாயகம் (ஸல்), மீண்டும் சேரலாகாதா எனப் பரீராவிடம் பேசினார்கள். இது கட்டளையா என்று அவர் கேட்டார். பரிந்துரையே என்றார்கள். தமக்கு அவர் வேண்டாம் என்றார் பரீரா. அத்தோடு முடிந்தது. முகீஸின் கண்ணீரை எவரும் இகழவில்லை. அக்கண்ணீருக்காகப் பரீராவை எவரும் வற்புறுத்தவுமில்லை.

'லைலா மஜ்னு'வையும் 'அனார்கலி'யையும் இந்த ஹதீஸின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவற்றின் எல்லை தெரியும். ஆணின் பித்துக்கு அவை அளித்த மதிப்பை, பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அளிக்கவில்லை. அவளுக்கு அழப் பாட்டு உண்டு, விரும்பப் பாட்டு உண்டு. மறுக்கப் பாட்டு இல்லை. பழந்திரைப் பாட்டின் மீது நாம் வைக்கும் பெரிய குறை இதுவே. மெட்டிலும் சொல்லிலும் மேம்பட்ட அக்கலைஞர்கள், தம் காலத்தின் வேலியைத் தாண்டவில்லை.

பழைய பாட்டை இன்று கைபேசியில் கேட்கும் மகளைக் கடிந்துகொள்ளும் தந்தையர் உண்டு. தாமும் அதைக் கேட்டு மகிழும் தந்தையர் உண்டு. இரு சாராருக்கும் நாம் சொல்வது ஒன்றே. நிகாஹ் பேச்சு தொடங்குமுன், மஹரும் நாளும் குறிக்குமுன், உறவினர் கூடுமுன், மகளைத் தனியே அழைத்துக் கேளுங்கள். அவள் மறுத்தால் ஏற்கப்படும் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். விடை சொல்லச் சில நாள் கொடுங்கள். கையெழுத்து வாங்க வலீயும் சாட்சிகளும் வாசலில் வந்து நிற்கும் நேரம் கேள்விக்குரிய நேரமன்று. அது விடை முடிந்தபின் வரும் சடங்கு. இவ்வாறு கேட்கப்பட்ட பெண்ணும் நாளை பானுமதியின் பாட்டையோ சுசீலாவின் பாட்டையோ கேட்கக்கூடும். அவள் அதைப் பாட்டின் நயத்துக்காகக் கேட்பாள்; தன் வாயில்லாமைக்கு ஆறுதலாகக் கேட்க வேண்டிய நிலை அவளுக்கு இராது.